தீர்மானம் நிறைவேறியது, மதகு ஏன் வரவில்லை?

வாசகர் கடிதம்: வணக்கம் ஐயா. நான் ஒரு முன்பள்ளி ஆசிரியை. 2025 மே மாதம் நடந்த தேர்தலில் யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் உள்ள ஒரு பிரதேச சபைக்கு விகிதாசாரப் பட்டியலில் இருந்து உறுப்பினராக வந்தேன். எங்கள் ஊரில் ஒரு ஒழுங்கையை மாரிகாலத்தில் வெள்ளம் குறுக்கறுத்து ஓடும். பள்ளிக்கூடப் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டுதான் கடக்க வேண்டும். அங்கே வெள்ளம் ஒழுங்கைக்கு அடியால் போக ஒரு மதகு கட்ட வேண்டும் என்று பிரேரணை கொண்டுவந்தேன். ஏகமனதாக நிறைவேறியது. சில மாதம் கழித்து மறுபடி எழுப்பினேன். மறுபடியும் ஏகமனதாக நிறைவேறியது. இன்றுவரை ஒரு கல்லும் விழவில்லை. அந்த ஒழுங்கை முகப்பில் உள்ள தெருவிளக்கும் எரிவதில்லை. கூட்டத்தில் பெரிய விடயங்களைக் கதைத்தே நேரம் போய்விடுகிறது. ஊரில் "நீங்களும் மற்ற ஆக்களைப் போலத்தான்" என்கிறார்கள். நான் எங்கே பிழை விட்டேன்?

பதில்:

அன்புள்ள பிள்ளை,

உங்கள் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். நீங்கள் பிழை ஒன்றும் விடவில்லை. தொடங்கிய வேலை பாதியில் நிற்கிறது, அவ்வளவுதான். அது பாதிதான் என்று உங்களுக்கு ஒருவரும் சொல்லித் தரவில்லை.

உள்ளூராட்சிச் சேவையில் எழுதுவினைஞராகச் சேர்ந்து, கடைசியில் பிரதேச சபைச் செயலாளராக ஓய்வு பெற்றவன் நான். மாதாந்தக் கூட்டங்களில் தவிசாளருக்குப் பக்கத்தில் இருந்து கூட்டறிக்கைக்குக் குறிப்பு எடுத்திருக்கிறேன். "ஏகமனதாக ஏற்றுக்கொள்ளப்பட்டது" என்று எத்தனை நூறு தரம் எழுதியிருப்பேன் என்று கணக்கில்லை. அதனால் உறுதியாகச் சொல்கிறேன்: சபையின் வேலை கூட்டத்தில் நடப்பதில்லை. ஒரு கூட்டத்துக்கும் அடுத்த கூட்டத்துக்கும் இடைப்பட்ட நாட்களில்தான் நடக்கிறது. கூட்டத்துக்கு மட்டும் போகிற உறுப்பினருக்கு அந்த நாட்கள் கண்ணில் படுவதேயில்லை.

உங்கள் பிரேரணைக்கு என்ன நடந்திருக்கும் என்று சொல்கிறேன். நிறைவேறிய தீர்மானம் கூட்டறிக்கையில் ஏறும். அடுத்த கூட்டத்தில் கூட்டறிக்கை உறுதிப்படுத்தப்படும். பிறகு அந்தப் பந்தி மட்டும் பிரதி எடுக்கப்பட்டு, வேலைகள் பகுதிக்குப் பொறுப்பான எழுதுவினைஞரின் மேசைக்குப் போகும். அவர் ஒரு கோப்புத் திறந்து தொழில்நுட்ப உத்தியோகத்தருக்கு அனுப்புவார். அந்த உத்தியோகத்தர் சபையின் முழு எல்லைக்கும் ஓடித்திரிகிற மனிதர். வீடு கட்டும் விண்ணப்பம், மதில் தகராறு, நடந்துகொண்டிருக்கும் வீதி வேலை எல்லாம் அவர் தலையில்தான். ஒரு நாள் வந்து பார்ப்பார். மதிப்பீடு போட்டால் கோப்பு திரும்பி வரும். அந்த வருடப் பாதீட்டில், அதாவது வரவு செலவுத் திட்டத்தில், அதற்குப் பணம் ஒதுக்கப்பட்டிருக்கிறதா என்று பார்ப்பார்கள். இல்லையென்றால் கோப்பின் ஓரத்தில் ஒரு வரி விழும்: "நிதி கிடைக்கப்பெற்றதும் கவனத்தில் எடுக்கலாம்." அந்த வரி விழுந்த கோப்பு, பழைய கோப்புகள் அடுக்குகிற இறாக்கைக்குப் போய்விடும். யாராவது போய்க் கேட்கும்வரை அது இறங்காது.

உங்கள் மதகு இந்தப் பாதையில் எங்கே நிற்கிறது என்று உங்களுக்குத் தெரியாது. அதைத்தான் முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். மூன்றாம் தரமும் அதே பிரேரணையைக் கொண்டுபோகாதீர்கள். கூட்டம் இல்லாத ஒரு நாள் காலையில் சபைக் கந்தோருக்குப் போங்கள். செயலாளரிடம் உங்கள் தீர்மானத்தின் திகதியைச் சொல்லி, அதன் கோப்பு எந்த நிலையில் இருக்கிறது என்று எழுத்தில் தரும்படி கேளுங்கள். வாயால் கேட்டால் வாயால் பதில் வரும். எழுத்தில் கேட்டால் கோப்பைத் திறந்துதான் பதில் எழுத வேண்டும். பெரும்பாலான செயலாளர்கள் மறுக்க மாட்டார்கள். மறுத்தால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. உறுப்பினரும் பிரசைதான், நீங்களும் விண்ணப்பிக்கலாம். 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்ற முடிவைச் சொல்லியாக வேண்டும். ஆனால் அதை முதல் நாளே கையில் எடுக்க வேண்டாம். நாளைக்கும் அதே ஆட்களோடுதான் நீங்கள் வேலை செய்ய வேண்டும்.

சரி, கோப்பு கையில் வந்துவிட்டது என்று வையுங்கள். முதலில் பார்க்க வேண்டியது, அந்த ஒழுங்கை யாருடையது என்பதை.

இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், நான் வேலை செய்த சபைகளில் ஒன்றில் நடந்த ஒரு விடயம் இன்னும் மனதை உறுத்துகிறது. மதகு ஒன்றுக்குத் தீர்மானம் நிறைவேறி, பணமும் ஒதுக்கி, கொங்கிறீற் குழாய்களும் வாங்கிக் கொண்டுபோய் வேலியோரம் இறக்கியாயிற்று. இறக்கின பிறகுதான் வீதிப் பதிவேட்டைத் திறந்து பார்த்தோம். ஒழுங்கையின் முன்பாதி சபையினுடையது. குழாய் போட வேண்டிய பின்பாதி தனியார் காணி. இருபது வருடமாகச் சனம் நடந்த பாதைதான், ஆனால் பதிவேட்டில் இல்லை. தனியார் காணியில் சபைப் பணத்தைச் செலவழித்தால் கணக்காய்வில் கேள்வி வரும், செலவழித்தவர்களிடமே அறவிடவும் நேரும். வேலை நின்றது. இரண்டு மாரி போயிற்று. கதியால் வேலியோரம் அந்தக் குழாய்கள் பாசி பிடித்துக் கிடந்தன. பிள்ளைகள் அதற்குள் புகுந்து ஒளித்து விளையாடுவதை நானே பார்த்தேன். பதிவேடு எங்கள் கந்தோர் அலுமாரியில்தான் இருந்தது. குழாய்க்கு ஓடர் போட முதல் அதைத் திறந்திருக்க வேண்டியவர்களில் நானும் ஒருவன்.

கடைசியில் வழி கண்டது அந்த ஒழுங்கையில் குடியிருந்த ஒரு வயதான அம்மா. காணிக்காரர் நான்கு சகோதரர்கள், இரண்டு பேர் வெளிநாட்டில். ஒவ்வொருவரோடும் தொலைபேசியில் கதைத்து, பாதையைச் சபைக்குக் கொடுக்கச் சம்மதம் வாங்கித் தந்தார். அதன் பிறகுதான் சபை வீதியாக ஏற்று, வர்த்தமானியில் அறிவித்து, வேலை தொடங்க முடிந்தது.

ஆகவே உங்கள் ஒழுங்கையின் பெயரை வீதிப் பதிவேட்டில் பாருங்கள். நீளத்தையும் பாருங்கள். பெயர் இருந்தும் நீளம் குறைவாகப் பதியப்பட்ட ஒழுங்கைகள் நிறைய உண்டு. வெள்ளம் குறுக்கறுக்கும் இடம் ஒரு பெரிய வீதியோடு சேருகிற இடமாக இருந்தால் அதையும் கவனியுங்கள். ஏ, பி தர வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்குரியவை. சி, டி தர வீதிகள் மாகாணத்தின் வீதி அபிவிருத்தித் திணைக்களத்துக்குரியவை. மிஞ்சியதுதான் சபைக்கு. தங்களுக்குச் சொந்தமில்லாத வீதிக்குச் சபை எத்தனை தீர்மானம் போட்டாலும் அது ஒரு வேண்டுகோள் மட்டுமே. அந்தத் திணைக்களத்துக்குக் கடிதம் போயிற்றா, என்ன திகதி, பதில் வந்ததா என்று தேடுவதுதான் அங்கே உங்கள் வேலை.

அடுத்தது தண்ணீர். இதை எந்த உறுப்பினரும் கந்தோரில் இருந்துகொண்டு அறிய முடியாது. நமது குடாநாட்டில் ஆறு என்று சொல்ல வழுக்கையாறு ஒன்றுதான், அதுவும் மாரியில் மட்டும் ஓடுவது. மற்றபடி ஒக்டோபரில் தொடங்கி டிசம்பர்வரை விழுகிற மழை, தரையின் சிறு சரிவைப் பிடித்துக்கொண்டு வாய்க்கால், வயல், குளம், கேணி என்று போய்ச் சேர வேண்டும். அந்தச் சரிவு கண்ணுக்குத் தெரியாது. மழை நாளில் மட்டும்தான் தெரியும். அடுத்த பெருமழை பெய்கிற அன்று குடையைப் பிடித்துக்கொண்டு போய் அந்த வெள்ளத்தோடு நடந்து பாருங்கள். எங்கே இருந்து வருகிறது, உங்கள் ஒழுங்கையைக் கடந்து எங்கே போகிறது, எந்த மதிலில் முட்டித் திரும்புகிறது என்று பாருங்கள். மழை விட்ட பிறகு மதில்களில் சேற்றுக்கோடு நிற்கும். அந்தக் கோட்டின் உயரத்தை அளவுநாடாவால் அளந்து, திகதியோடு ஒரு கொப்பியில் எழுதுங்கள், படமும் எடுங்கள். தொழில்நுட்ப உத்தியோகத்தர் வெயில் நாளில் வந்து நின்றால் அவருக்குத் தெரிவது காய்ந்த தரை மட்டும்தான். எந்த அளவுக் குழாய் போடுவது என்று தீர்மானிக்க அவருக்கு உங்கள் கொப்பி வேண்டும்.

வெள்ளத்தோடு நடக்கச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. மதகு கட்டினால் தண்ணீர் காணாமல் போய்விடாது. அடுத்த ஒழுங்கைக்குப் போகும். போகிற வழியில் யாராவது பழைய வெள்ளவாய்க்காலை மூடி மதில் கட்டியிருந்தால், உங்கள் மதகால் அந்த வீட்டுக்காரருக்குப் பின்வளவில் இருக்கிறவர் வீட்டுக்குள் வெள்ளம் புகும். அப்போது உங்களைத் திட்டுவதற்கு ஒரு புதிய ஒழுங்கையே இருக்கும். வாய்க்கால் வயலுக்குள்ளால் போய்க் குளத்தில் விழுகிறதென்றால் கமநல சேவை நிலையத்தோடும் கதைக்க வேண்டும். பெரும்பாலான வயற்குளங்கள் அவர்கள் பொறுப்பில் இருப்பவை. அரச காணி ஏதும் இடையில் வந்தால் பிரதேச செயலகம். இங்கே ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும்: சனம் பிரதேச சபையையும் பிரதேச செயலகத்தையும் ஒன்றென்றே நினைக்கிறது. கிராம அலுவலரிடம் மனுக் கொடுத்துவிட்டு, சபை ஒன்றும் செய்யவில்லை என்று கோபப்படுகிற ஆட்களை நான் எத்தனையோ பேரைக் கண்டிருக்கிறேன். கிராம அலுவலர் பிரதேச செயலாளருக்குக் கீழ் வேலை செய்பவர். சபை வேறு, உங்களைப் போலத் தெரிவு செய்யப்பட்டவர்களால் நடத்தப்படுவது. உங்கள் ஊர்ச்சனத்துக்கு இந்த வித்தியாசத்தை நீங்கள் விளங்கப்படுத்தினால் பாதி மனத்தாங்கல் குறைந்துவிடும்.

இப்போது பணம். எனக்குத் தெரிந்து பெரும்பாலான பிரேரணைகள் செத்துப்போகிற இடம் இதுதான்.

சபையின் ஆண்டு ஜனவரியில் தொடங்கி டிசம்பரில் முடியும். அடுத்த ஆண்டுப் பாதீடு டிசம்பருக்குள் நிறைவேற வேண்டும். ஆனால் அதற்குள் எந்த ஒழுங்கை, எந்த மதகு என்று பெயர் ஏறுவது செப்டெம்பர், ஒக்டோபரில். மார்ச் மாதத்தில் நீங்கள் கொண்டுவருகிற பிரேரணை எவ்வளவு நியாயமானதாக இருந்தாலும், அந்த வருடப் பணம் ஏற்கனவே வேறு வேலைகளுக்குப் பிரித்தாயிற்று. ஆகவே மதிப்பீட்டுத் தொகையோடு உங்கள் மதகு அடுத்த பாதீட்டு வரைவில் ஒரு வரியாக இருக்க வேண்டும். "வீதிகள் திருத்தம்" என்ற மொத்தத் தொகைக்குள் அடங்கும் என்று சொன்னால் ஏற்காதீர்கள். பெயர் சொல்லி இருக்க வேண்டும். பாதீட்டு வரைவு மக்கள் பார்வைக்கும் வைக்கப்படும். அந்த நாட்களில் உங்கள் ஒழுங்கைச் சனத்தைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுங்கள். எழுத்தில் கருத்துக் கொடுக்கச் சொல்லுங்கள்.

சபைக்குப் பணம் எங்கிருந்து வருகிறது என்றும் தெரிந்துவைத்திருங்கள். சந்தைக் குத்தகை, கடை வாடகை, வியாபார உரிமக் கட்டணம், காணி கைமாறும்போது வருகிற முத்திரைத் தீர்வை, நீதிமன்றத் தண்டப்பணம், பிறகு வீடு, காணிகளுக்கு அறவிடுகிற சோலைவரி. பிரதேச சபையில் சோலைவரி எல்லா இடத்திலும் இல்லை, அபிவிருத்தியடைந்த பகுதி என்று பிரகடனப்படுத்திய இடங்களில் மட்டும்தான். உங்கள் ஒழுங்கை அதற்குள் வருகிறதா என்று பாருங்கள். வந்தால், எத்தனை வீடு நிலுவை வைத்திருக்கிறது என்று வருமானப் பரிசோதகரிடம் கேளுங்கள். ஜனவரி 31க்குள் முழு வருடத்துக்கும் கட்டினால் 10 சதவீதம் கழிவு உண்டு என்பதே நிறையப் பேருக்குத் தெரியாது. "நிலுவையைக் கட்டிவிட்டோம், எங்கள் மதகைத் தாருங்கள்" என்று ஒரு ஒழுங்கையே சேர்ந்து கேட்டால், தவிசாளருக்கு அதைத் தட்டிக் கழிப்பது கஷ்டம். நிலுவை இருப்பதால் மதகு தர முடியாது என்று சபை சொல்வது முறையல்ல, அதையும் சேர்த்தே சொல்கிறேன். ஆனால் கேட்கிற குரலுக்கு ஒரு பலம் வந்துவிடுகிறது.

உங்கள் வட்டாரத்துச் சனசமூக நிலையத்தையும் விட்டுவிடாதீர்கள். அது சபையில் பதிவு செய்யப்பட்ட அமைப்பு. அதன் நிர்வாகக் கூட்டத்தில் தீர்மானம் எடுத்து, அதன் கடிதத் தலைப்பில், தலைவரும் செயலாளரும் ஒப்பமிட்டுச் சபைக்கு அனுப்பினால், உங்கள் தனிப் பிரேரணையோடு இன்னொரு கடதாசியும் கோப்பில் ஏறும். தடித்த கோப்பை இறாக்கையில் வைக்க எந்த எழுதுவினைஞரும் கொஞ்சம் யோசிப்பார்.

இனிக் கூட்டத்துக்கு வருவோம். பெரிய விடயங்களைக் கதைத்தே நேரம் போகிறது என்று எழுதியிருந்தீர்கள். காணி விடுவிப்பும் காணாமல் ஆக்கப்பட்டோரும் பேசப்பட வேண்டியவைதான். சபை என்பது சனத்தின் குரல் கேட்கிற இடம், அதில் அவை ஒலிக்காமல் வேறெங்கே ஒலிக்கும்? அதை எதிர்த்து நிற்காதீர்கள். நிகழ்ச்சி நிரலின் ஒழுங்கை மாற்றக் கேளுங்கள். சென்ற கூட்டத் தீர்மானங்களில் எது நடந்தது, எது நடக்கவில்லை என்ற செயலாளரின் அறிக்கையை, கூட்டறிக்கை உறுதிப்படுத்தியதும் முதல் விடயமாக எடுக்க வேண்டும் என்று ஒரு பிரேரணை கொண்டுவாருங்கள். வேறு எந்தப் பிரேரணையைவிடவும் இதனால்தான் உங்களுக்குப் பலன் அதிகம். மற்ற உறுப்பினர்களும் ஆதரிப்பார்கள், ஏனென்றால் அவர்கள் எல்லாரிடமும் இறாக்கையில் கிடக்கிற ஒரு மதகு இருக்கிறது.

பிரேரணையை எழுதுகிற முறையும் முக்கியம். "இன்ன ஒழுங்கைக்கு மதகு அமைக்க வேண்டும்" என்று எழுதினால் எல்லாரும் கையை உயர்த்திவிட்டுப் போய்விடுவார்கள். "வீதிப் பதிவேட்டில் இன்ன இலக்கத்தில் உள்ள இன்ன ஒழுங்கையில், தொழில்நுட்ப உத்தியோகத்தர் அடுத்த கூட்டத்துக்கு முன் இடத்தைப் பார்வையிட்டு மதிப்பீட்டைச் சபைக்குச் சமர்ப்பிக்க வேண்டும், அந்தத் தொகை அடுத்த ஆண்டுப் பாதீட்டில் சேர்க்கப்பட வேண்டும்" என்று எழுதுங்கள். யார், என்ன, எப்போது என்ற மூன்றும் அதற்குள் வந்துவிட்டன. அடுத்த கூட்டத்தில் நீங்கள் ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும்: மதிப்பீடு எங்கே?

குழுக்களையும் பாருங்கள். 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம் நிதி, வீடமைப்பு, தொழில்நுட்பச் சேவை, சூழல் என்று குழுக்களுக்கு இடம் வைத்திருக்கிறது. உறுப்பினர் அல்லாத ஊர்வாசிகளையும் குழுக்களில் சேர்க்கலாம். பல சபைகளில் இவை பெயருக்குத்தான் கூடுகின்றன. நீங்கள் தொழில்நுட்பச் சேவைக் குழுவைக் கேட்டு வாங்குங்கள். புதிதாக வருகிற பெண் உறுப்பினர்களை முன்பள்ளி, நூலகம் என்று ஒதுக்கி விடுகிற பழக்கம் இருக்கிறது. முன்பள்ளி உங்கள் தொழில், அதை நீங்கள் மறக்கப் போவதில்லை. கல்லும் மணலும் கணக்கும் கதைக்கிற மேசையில் நீங்கள் இருக்க வேண்டும்.

இதை எழுதும்போது 1998 நினைவுக்கு வருகிறது. 1983க்குப் பிறகு இங்கே உள்ளூராட்சித் தேர்தல் நடந்தது அந்த ஆண்டு ஜனவரியில்தான். யாழ். மாநகர சபையின் முதல்வராக வந்த சரோஜினி யோகேஸ்வரன் அதே ஆண்டு மே மாதம் சுட்டுக் கொல்லப்பட்டார். அவருக்குப் பின் முதல்வரான பொன். சிவபாலன் செப்டெம்பரில் குண்டு வெடித்து உயிரிழந்தார். வீதியையும் விளக்கையும் சந்தையையும் பற்றிக் கதைக்கிற அந்தக் கதிரைகளில் இருந்ததற்காக ஆட்கள் உயிரைக் கொடுத்த ஊர் இது. பிறகு 2023 மார்ச்சில் சபைகளின் காலம் முடிந்தது, 2025 ஜூன்வரை தெரிவு செய்யப்பட்ட உறுப்பினர் ஒருவரும் இல்லை. அந்த இரண்டு வருடமும் குப்பை அள்ளப்பட்டது, சம்பளம் கொடுபட்டது, கோப்புகளும் நகர்ந்தன. ஆனால் இந்தக் கோப்பு ஏன் இறாக்கையில் கிடக்கிறது என்று ஊர் சார்பில் வந்து கேட்க ஒருவரும் இருக்கவில்லை. அதைக் கேட்பதற்குத்தான் இப்போது நீங்கள் இருக்கிறீர்கள்.

ஊரார் சொல்வது உங்களுக்கு நோகும் என்று தெரியும். அவர்களுக்கு நீங்கள் செய்யக்கூடியது, மாதம் ஒரு தாள். சனசமூக நிலையத்தின் அறிவித்தல் பலகையில், உங்கள் கையெழுத்தில், மதகு எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று நாலு வரி எழுதி ஒட்டுங்கள். "கோப்பு தொழில்நுட்ப உத்தியோகத்தரிடம் உள்ளது, இன்ன திகதியில் வந்து பார்க்கிறார்" என்றால் போதும். முன்னேற்றம் இல்லாத மாதத்தில் இல்லை என்றே எழுதுங்கள். அவர் வருகிற அன்று ஒழுங்கைச் சனம் நாலு பேர் வாசலில் நிற்பார்கள், வெள்ளம் எங்கே மட்டும் நின்றது என்று அவர்களே கையால் காட்டுவார்கள்.

தெருவிளக்குக்கு இத்தனை சுற்று இல்லை. கம்பம் மின்சாரம் விநியோகிக்கிற நிறுவனத்தினுடையது, விளக்கு பிரதேச சபையினுடையது. கம்பத்தில் எண் எழுதியிருந்தால் அதைக் குறித்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் எந்த வீட்டு வாசலுக்கு முன் என்று எழுதுங்கள். கந்தோரில் தெருவிளக்கு முறைப்பாட்டைப் பதியச் சொல்லி, பதிந்த திகதியையும் கேட்டு வாங்குங்கள். இரவில் ஒரு தரம் போய், பக்கத்துக் கம்பங்களில் வேறு எது எரியவில்லை என்றும் பார்த்துச் சேர்த்துக் கொடுங்கள். ஏணியோடு வருகிற ஆட்கள் ஒரே நாளில் எல்லாவற்றையும் மாட்டிவிட்டுப் போவார்கள்.